சங்கீத போதனையில் உயர்தரக் கல்வி

பாட வல்லார் பலர்; பாடக் கற்பிக்க வல்லார் சிலரே. 1928-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை சங்கீத வித்வத் சபையார் 1931-இல் சங்கீத ஆசிரியர்களுக்கெனத் தனியே ஒரு கலாசாலை நிறுவியதும் இவ்வேற்றுமை கருதியே. சங்கீத போதனையில் முதுகலைப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் பெற விழையும் நம் மாணாக்கர் இதனை முதற்கண் சிந்தித்தல் நலம்.

குருகுலத்தில் சீடன் குருவின் அருகிருந்து கேட்டே கற்றான். பள்ளிக்கூடத்திலோ பிள்ளைகள் நாற்பதின்மர். பொழுதோ முக்கால் மணி. ஆண் ஆசிரியர் தமக்கு இசைந்த ஒரு கட்டைச் சுருதியில் சரளி வரிசையைத் தொடங்கின், பிள்ளைகளுட் சிலர் அவர் ஒலியையே பற்ற முயன்று குரலை அமுக்குவர். சிலர் ஒரு ஸ்தாயி மேலே செல்வர். ஐந்து கட்டையில் வைப்பின், அவர்க்கு மேல் ஷட்ஜம் எட்டுதல் அரிதாகும். இவ்விடர்ப்பாட்டில் தடுமாறிய பிள்ளையை நாம் 'குரலற்றவன்' என்று ஒதுக்கிவிடுகின்றோம். அவன் வாழ்நாள் முழுதும் வாய் திறவான்.

எச்சுருதி வைப்பது? பலருள் ஒருவன் பிழையை எங்ஙனம் கண்டு திருத்துவது? ஸ்வரம் எழுதுதலை எப்பருவத்திற் கற்பிப்பது? கச்சேரி மேடையில் எழாத இவ்வினாக்களே இவ்வுயர்தரக் கல்விக்கு உரியன. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) தென்னிந்திய சங்கீத நூலை ஆறு பாகங்களாக வகுத்தமையும் கற்போர் படிப்படியே ஏறுதற்பொருட்டேயாம்.

ஆதலின், பட்டத்தை நாடுமுன் இரண்டொரு வருஷமேனும் சிறுவர் வகுப்பில் நின்று கற்பித்துப் பார்த்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. ஆராய்தற்குரிய பொருள் ஆண்டுக் கிடைக்கும். ஆராய்ச்சியின் பயனும் ஆண்டே சென்று சேரும்.