பெயரன்று, உள்ளடக்கமே சாட்சி

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக் கணினியில், யாரோ பென்டிரைவில் கொணர்ந்த மென்பொருட் பொதியை நிறுவுமுன், அது உண்மையிலேயே அந்தப் பொதிதானா என்று வினவுவது அநாவசியமான சந்தேகமன்று. ஏனெனில் கோப்பின் பெயரையும் தேதியையும் எவரும் மாற்றிவிடலாம், அளவைக்கூட ஒத்திருக்கச் செய்யலாம். ஆனால் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும், அதிலிருந்து கணித முறைப்படி பெறப்படும் ஹாஷ் எண் முற்றும் வேறாகிவிடும்.

இந்நாளில் பெரிதும் வழங்கும் ஷா-256 என்னும் முறை, கோப்பு சிறு கடிதமாயினும் முழுநீளத் திரைப்படமாயினும், அதை 512 பிட்டுகள் கொண்ட துண்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதன் விளைவோடு சேர்த்து 64 சுற்றுகள் கடைந்து, முடிவில் 256 பிட்டுகளை, அதாவது பதினறும எண்முறையில் 64 குறிகளை, அளிக்கிறது. கடைந்தெடுத்த மோர் மீண்டும் தயிராகாததுபோல், அவ்வெண்ணிலிருந்து கோப்பை மீட்க வழியில்லை.

இதன் பிரயோஜனம் இருவகைத்து. ஒன்று, பெயர் தெரிந்த பொதியைச் சோதிப்பது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்டு ஆக்கிய பாஸ் இயங்குதளத்தைப் போன்றவற்றில், ஒவ்வொரு பொதியின் ஹாஷும் ஓர் அட்டவணையில் உண்டு. அட்டவணையின் ஹாஷ் இன்னொரு கோப்பில் உண்டு. அக்கோப்பின்மீது வெளியிட்டோரின் மின்கையொப்பம் உண்டு. மற்றொன்று, பெயரறியாக் கோப்பை இனங்காண்பது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அறியப்பட்ட மென்பொருட் கோப்புகளின் ஹாஷ்களைத் திரட்டிப் பெருங்களஞ்சியமாக வெளியிட்டு வருகிறது. கைப்பற்றிய வட்டில் குவிந்து கிடக்கும் கோப்புகளில் அவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றையே தடயவியலார் ஆராய்கின்றனர். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சிய சட்டமும், மின்னணுச் சாட்சியத்துக்குரிய சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது.

எனினும் எம்முறையும் சிரஞ்சீவியன்று. எம்டி5 முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு செய்யலாம் என்று 2004-இலும், ஷா-1 முறையிலும் அவ்வாறே என்று 2017-இலும் நிரூபித்துக் காட்டினர். மேலும், எண் ஒத்தால் கோப்பு அதுவே என்றுதான் பொருள், நல்லது என்று பொருளன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒப்பிடும் எண்ணை எங்கிருந்து பெற்றோம் என்பதே. பொதியும் எண்ணும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்தால், பொதியை மாற்றுகிறவன் எண்ணையும் மாற்றிவிடுவான்; கையொப்பம் வேண்டுவது இதனாலேயே. அக்கையொப்பத்தைச் சோதிக்கும் திறவுகோலோ முதன்முதல் நிறுவும் வட்டோடு சேர்ந்தே வருகிறதாகலின், அந்த முதல் வட்டை மட்டும் மனிதரே நம்பகமான வேறு வழியில் சரிபார்த்தாக வேண்டும்.