தும்மல் உள்ள வீட்டுக்கு எந்தப் பூனை?

பிள்ளைகள் பூனை வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கோ பூனை பக்கத்தில் வந்தாலே அடுக்குத் தும்மல். என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

முதலில் பூனை முடியின் மேல் போட்டிருக்கும் பழியை எடுத்துவிடுவோம். தும்ம வைப்பது முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம்தான் முக்கியக் காரணம். ஃபெல் டி 1 என்று பெயர். சாப்பிட்டு முடித்த பூனை வெயிலில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். முன்னங்காலை நக்கி, அந்த ஈரக் காலால் காதையும் முகத்தையும் துடைக்கும். பிறகு ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு வயிறு, தொடை, வால் என்று ஓர் இடம் விடாமல் நக்கும். அந்த எச்சில் முடியில் காய்ந்து, பொடியாக உதிர்கிறது. கண்ணுக்கே தெரியாத நைசான பொடி. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். பூனை கால் வைக்காத வகுப்பறைகளில்கூட அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இது புரிந்துவிட்டால், விற்பவர்கள் சொல்வதை நீங்களே எடைபோடலாம். ஸ்ஃபிங்ஸ் பூனைக்கு முடி இல்லைதான். எச்சிலும் தோலும் இருக்கின்றனவே! சைபீரியன், பாலினீஸ் இனங்களில் இந்தப் புரதம் குறைவு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பூனைகளுக்குள்ளேயே அளவு ஏகத்துக்கு மாறுகிறது. அலர்ஜியே தராத இனம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் எல்லோரும் ஆசைப்படும் பெர்ஷியனுக்கு அடிக்கடி முடி சீவிவிட வேண்டும், சீவுகிறவரின் மூக்குக்கு நேராகத்தான் அத்தனையும் பறக்கும். என்னைக் கேட்டால், நாட்டுப் பூனையே போதும்.

ஆக, இனத்தைத் தேடாதீர்கள், ஒரு குறிப்பிட்ட பூனையைத் தேடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தும்மலுக்குக் காரணம் பூனைதானா என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான் இவற்றாலும் இதே தும்மல் வரும். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டிவிடும். அவருக்கு இளைப்பு இருந்தால், பூனை பார்க்கப் போவதற்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறுவது விளையாட்டில்லை.

டாக்டர் சரி என்றால், வளர்ந்த பூனையாகப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாத பூனை, பருவத்துக்கு வந்த பிறகு தும்ம வைக்கலாம். குறிப்பாகக் கடுவன். கருத்தடை செய்யாத கடுவனிடம்தான் இந்தப் புரதம் அதிகம் சுரக்கிறது. பெட்டையிடமும் கருத்தடை செய்த கடுவனிடமும் குறைவு. ஒன்றைப் பிடித்துப்போனால், அலர்ஜி உள்ளவரையே அழைத்துக்கொண்டு போங்கள். மடியில் வைத்து, தடவி, ஒரு மணி நேரமாவது அதனோடு இருக்கட்டும். ஒரு நாளோடு முடிவு செய்யாமல், சில நாள் விட்டு மறுபடி போகட்டும். பல பூனைகள் இருக்கும் இடத்தில் எது தும்ம வைத்தது என்று தெரியாது. அதனால் முடிந்தால் தனி அறையில் அந்த ஒரு பூனையோடு மட்டும் உட்காரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, படுக்கையறைக்குள் அதை விடவே கூடாது. கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும். டைல்ஸ், மொசைக் தரை நமக்குப் பெரிய வரம். துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கம்பளமும் துணி சோபாவும் வேண்டாம். முடி சீவுவதும் மலப்பெட்டியைச் சுத்தம் செய்வதும் அலர்ஜி இல்லாதவர் வேலை. குளிப்பாட்டினால் பலன் இரண்டொரு நாள்தான், பூனைக்கும் அது பிடிக்காது. 2020-ல் பியூரினா நிறுவனம் ஒரு தீவனம் கொண்டுவந்தது. அதில் கலந்திருக்கும் முட்டைப் பொடி, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து முடியில் இருக்கும் அளவு சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. உதவிதான், முழுத் தீர்வு இல்லை.

கடைசியாக, கொடுப்பவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்: ஒத்துவரவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனையை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவது அதற்குச் செய்யும் கொடுமை. அப்படியே அது போய்விட்டாலும் தும்மல் மறுநாளே நிற்காது. சுவரிலும் மெத்தையிலும் ஒட்டியிருப்பது அடங்கப் பல மாதம் ஆகும்.