நகையைத் திருப்பி வைத்தால் சிபில் குறையுமா?

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "ஏன் மாப்ளே, பழைய கணக்கையெல்லாம் மூடிட்டா சிபில் ஏறிடுமாமே, நெசமா?"

மாமா பட்டு நெய்கிறவர், குழித்தறி. அவர் பையன், அதாவது என் மச்சான், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். மாடியில் ஒரு அறை எடுக்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். ஸ்கோர் பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். அதே வாரத்தில் மொபைலில் நாலு ஆப்களில் விண்ணப்பித்திருக்கிறான், நாலிலும் இல்லை என்று பதில். பிறகு யாரோ ஒரு ஏஜென்ட், "சும்மா கிடக்கிற கார்டையும் பழைய கணக்குகளையும் மூடு, மூணு மாசத்துல ஏறும்" என்று சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இந்தியாவில் இந்தத் தகவலைச் சேர்க்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். சிபில் 2000-ல் தொடங்கியது என்பதால் அதன் பெயரே மதிப்பெண்ணுக்கும் பெயராகிவிட்டது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017-லிருந்து ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. இதைப் பலர் பயந்து பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அறிக்கையைத் திறந்ததும் மச்சான் முகம் மாறிவிட்டது. 14 கணக்குகள்! ஒரு கிரெடிட் கார்டு, பைக் கடன், போன் வாங்கிய இ.எம்.ஐ. என்று கொஞ்சம். மீதி ஒன்பதும் நகைக்கடன். "நான் எங்க கடன் வாங்கினேன், நகைதானே வெச்சேன்" என்றான்.

விஷயமே இதில்தான் இருக்கிறது. ஆரணி மாதிரி ஊரில் நகை என்பது பாதி நேரம் லாக்கர், பாதி நேரம் ஏ.டி.எம். ஜூனில் பள்ளிக் கட்டணம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, சேலை நகராது, கூலி இழுபறி. நகை வங்கிக்குப் போகும். வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டி, அசலுக்கு யாரிடமாவது ஒரு நாள் கைமாற்று வாங்கித் திருப்பி, மறுபடி வைப்பார்கள். வீட்டில் இதற்குப் பெயர் 'மாத்தி வைக்கிறது'. வங்கியின் கணினிக்கு அது ஒரு பழைய கணக்கு மூடல், ஒரு புதுக் கணக்கு திறப்பு. அடகுக்கடையில் வைத்திருந்தால் இதெல்லாம் பதிவே ஆகியிருக்காது (வட்டி வேறு கதை).

புதுக் கணக்கு திறந்தால் ஏன் ஸ்கோர் இறங்கவேண்டும்? ஸ்கோர் என்பது ஒழுக்கச் சான்றிதழ் இல்லை. இந்த ஆள் அடுத்த கொஞ்ச காலத்தில் தவணை தவறுவாரா என்ற கணிப்பு, அவ்வளவுதான். பணமுடையில் மாட்டப்போகிறவர்கள் அதற்குமுன் அங்கங்கே கடன் தேடுவார்கள். அதனால் குறுகிய காலத்தில் நிறைய விண்ணப்பம், நிறைய புதுக் கணக்கு என்றால் மாடல் கொஞ்சம் உஷாராகிறது. மச்சானின் நாலு ஆப் விண்ணப்பங்களும் அறிக்கையில் தேதியோடு உட்கார்ந்திருந்தன.

அடுத்தது வயது. ஒன்பது வருடக் கார்டு ஒன்று, மூன்று வருடக் கடன் ஒன்று என்றால் சராசரி ஆறு. இன்று ஒரு நகைக்கடன் திறந்தால் சராசரி நான்கு. இன்னொன்று திறந்தால் மூன்று. சூத்திரத்தை இங்கே எந்த நிறுவனமும் முழுதாக வெளியிடுவதில்லை, இது திசையைக் காட்டும் கணக்கு மட்டுமே. அமெரிக்காவின் ஃபைகோ நிறுவனம் தோராய எடையையாவது சொல்கிறது: புதுக்கடன் 10%, தவணை ஒழுங்கு 35%. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எது பெரிது, எது சிறிது என்று புரிந்துகொள்ள உதவும்.

அதனால் மாத்தி வைத்ததை விட்டுவிட்டு, மாதவாரியான நிலுவை நாள் கட்டங்களைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கான வரிசை, தவணை எத்தனை நாள் தாமதம் என்று மாதம்தோறும் ஓர் எண். எல்லாம் 000. ஒரு நகைக்கடனில் மட்டும் 43. ஒரு வருடக் கெடு ஆடி மாதத்தில் முடிந்திருக்கிறது. பணம் இல்லை. "நகை அவங்ககிட்டதானே இருக்கு, மெதுவா போய் மாத்திக்கலாம்" என்று ஆறு வாரம் விட்டிருக்கிறான். நகை பத்திரமாக இருந்தது, ஸ்கோர் இல்லை. என் கணிப்பில் மச்சானை அடித்தது இந்த ஒரு எண்தான். அவன் பயந்த ஒன்பது நகைக்கடன்கள் இல்லை.

சரி, மூடினால்? ஏஜென்ட் சொன்னது இரண்டு விதத்தில் தப்பு. முதலில், மூடிய கணக்கு மறையாது. கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். 43 என்ற எண் கடனோடு சேர்ந்து ஓடிப்போகாது. இரண்டாவது, கார்டை மூடினால் அதன் வரம்பும் போய்விடும். 60,000, 40,000 என்று இரண்டு கார்டு வைத்திருப்பவர் மாதம் 24,000 செலவு செய்தால் பயன்பாடு 24%. முதல் கார்டை மூடினால் அதே செலவு 60% ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்காமலே நெருக்கடியில் இருப்பவர் போலத் தெரிவார்.

ஆண்டுக் கட்டணம் பிடுங்கும் கார்டு, கையில் இருந்தால் செலவழித்துவிடுவோம் என்ற கார்டு, இவற்றை மூடுவதில் தப்பே இல்லை. ஸ்கோருக்காக மூடாதீர்கள், அவ்வளவுதான். வீட்டுக்கடன் கேட்கப்போகும் நேரத்தில் எதையும் திறக்காமல், மூடாமல் இருப்பது உத்தமம். மூடினால் 'குளோஸ்டு' என்று பதிவாகிறதா பாருங்கள். பேரம் பேசி அசலில் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று விழும், அது தழும்பு. தப்பாகப் பதிவாகியிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்பவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததிலிருந்து திருத்தம் முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது.

சேமிப்புக் கணக்குகளையும் மூடவா என்று மச்சான் கேட்டான். வேண்டாம், அது இந்த அறிக்கையிலேயே வராது.

"எனக்கும் பாரேன்" என்றார் மாமா. பார்த்தோம். மதிப்பெண்ணே இல்லை. 300-லிருந்து 900 வரையுள்ள அளவுகோலில் அவர் எங்கேயும் இல்லை. முப்பது வருடமாக அவர் கடனில்தான் இருக்கிறார்: முதலாளியிடம் வாங்கிய முன்பணம். சேலைக்குச் சேலை கூலியில் கழியும், கல்யாணம் காட்சி என்றால் மறுபடி ஏறும். ஒரு பாவைக்கூட அரைகுறையாக விட்டு ஓடியதில்லை. அந்த ஒழுங்கு முழுக்க முதலாளியின் நோட்டில் இருக்கிறது, எந்தக் கணினியிலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபமாகவே வந்தது.

வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல் கடனை மறுக்கக்கூடாது என்று 2025 ஜனவரி வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு 6% வட்டியில் நெசவாளர் முத்ரா கடன் இருக்கிறது. கொஞ்சம் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் மாமாவுக்கும் ஒரு வரிசை 000 சேரும்.

மச்சான் கார்டை மூடவில்லை. ஆப்களை அழித்துவிட்டான். இப்போது வைத்திருக்கும் நகையின் கெடுத் தேதியைத் தறிக்கு மேலே காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறான். மாமா நெசவாளர் அட்டையைத் தேடி எடுத்துவிட்டார். போட்டோ மங்கிப்போயிருக்கிறது, அதை மாற்றணுமாம்.