வல்லாரை வாங்குறீங்களா? எந்தத் தண்ணியில முளைச்சதுன்னு கேளுங்க!

பரீட்சை நெருங்கிவிட்டால் பல வீடுகளில் வல்லாரைத் துவையல் ரெடி. 'ஞாபகசக்தி கூடும்' என்று பிள்ளைகளின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும். ஆனால், அந்தக் கீரை எங்கே முளைத்தது என்று கேட்பவர்கள் குறைவு.

வல்லாரை ஈரம் தேடிப் படரும் செடி. தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர் விடும். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், ஆற்றங்கரை என ஈரம் காயாத இடமெல்லாம் பரவிவிடும்.

சிக்கலும் அங்கேதான். மண்ணிலும் நீரிலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால், அவற்றையும் வல்லாரை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். கீரையை நன்றாகக் கழுவினால் அழுக்கு போகும். இலைக்குள் சேர்ந்த உலோகம் போகாது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, வண்ணார்பேட்டைக்கு வரும்போது நகரத்தின் நடுவே ஓடுகிறது. ஆற்றில் கழிவுநீர் கலக்கும் பிரச்னை நீதிமன்றம் வரை போனது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நெல்லைக்கு வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள். சாக்கடை கலக்கும் கரையில் பச்சைப்பசேல் என்று படர்ந்திருந்தாலும், அந்த வல்லாரை சமையலுக்கு வேண்டாம்.

ஞாபகசக்தி கூடுமா?

சித்த மருத்துவத்தில் வல்லாரைக்குத் தனி இடம் உண்டு. புண் ஆற்றும் களிம்புகளில் இதன் சத்து உலகெங்கும் பயன்படுகிறது. நினைவாற்றல் விஷயத்தில் மட்டும் ஆய்வுகள் இன்னும் உறுதியான முடிவைத் தரவில்லை. எனவே கீரையாக அளவோடு சாப்பிடலாம். மாத்திரை, பொடி என்றால் டாக்டரிடம் கேட்பது நல்லது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கர்ப்பிணிகளும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கவே கூடாது.

தொட்டியிலேயே வளர்க்கலாம்

வேரோடு இருக்கும் இரண்டு கணுத் தண்டு போதும். அகலமான தொட்டியில் நல்ல மண், மக்கிய உரம் போட்டு நட்டு, அரை நிழலில் வையுங்கள். மண் காயாமல் நல்ல தண்ணீர் விட்டால், சில வாரங்களில் தொட்டி முழுக்கப் படர்ந்துவிடும்.

அடுத்த பரீட்சைக்கு உங்கள் வீட்டு வல்லாரையிலேயே துவையல் அரைக்கலாம்!