தேம்ஸ் நதியின் பயணிகள் படகுகள்: பழமை என்பது பாதுகாப்பிலிருந்து விலக்கா?

லண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதியில் இன்று இயங்கும் பயணிகள் படகுகளை ஒரே வகையாகக் கருத இயலாது. காலையில் அலுவலகம் செல்வோரை ஏற்றிச் செல்லும் இரட்டை உடல் கொண்ட அதிவேகப் படகுகளும், நூறாண்டை நெருங்கிய அல்லது கடந்த உல்லாசப் படகுகளும், இலையுதிர் பருவத்தில் வந்துபோகும் 'வேவர்லி' என்னும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலும் ஒரே நீர்ப்பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பயணச்சீட்டு வாங்கும் மனிதரின் பார்வையில் இவை அனைத்தும் படகுகளே. ஆயினும் கட்டப்பட்ட ஆண்டு, உடலமைப்பு, பின்னர் செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றைப் பொறுத்து அவற்றின் ஆபத்துகள் வேறுபடுகின்றன. அண்மைக்காலம் வரை அவற்றுக்குரிய பாதுகாப்பு விதிகளும் வேறுபட்டே இருந்தன. பழைய படகு அழகானது, வரலாற்று மதிப்புடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஏறும் பயணியின் உயிருக்குப் புதிய படகில் ஏறுபவரின் உயிரைவிடக் குறைந்த காப்பு போதும் என்னும் நிலை எக்காலத்திலும் ஏற்கத்தக்கதன்று.

தேம்ஸ் நதியில் பயணிக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் மிகப் பழையது. பாலங்கள் அரிதாக இருந்த காலத்தில் துடுப்புப் படகோட்டிகளே லண்டனின் வாடகை வண்டிக்காரர்களாக விளங்கினர். அவர்கள் வாங்கும் கூலியை வரையறுக்க 1514ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1555ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான படகோட்டிகளின் தொழிற்கழகம், முறையாகத் தொழில் பயின்றவர்களுக்கு மட்டுமே பயணிகளை ஏற்றும் உரிமையை அளித்தது. தேர்ச்சி இல்லாதவர் கையில் உயிரை ஒப்படைக்கக் கூடாது, சொன்ன கூலிக்கு மேல் வாங்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் இவ்வாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இந்நதியில் வேரூன்றியவை.

1815இல் லண்டனுக்கும் கிரேவ்சென்ட் நகருக்கும் இடையே 'மார்ஜரி' என்னும் நீராவிப் படகு ஓடத் தொடங்கியபோது ஆபத்தின் தன்மையே மாறியது. வேகமும் கொள்ளளவும் கூடின. போட்டி மிகுந்து கட்டணம் வீழ்ந்தது. கட்டணம் வீழ்ந்த இடத்தில் பராமரிப்பும் வீழ்ந்தது. அரைப்பென்னிக் கட்டணத்தில் ஓடிய 'கிரிக்கெட்' என்னும் படகின் கொதிகலன், 1847 ஆகஸ்ட் மாதம் அடெல்பி படகுத்துறையில் பயணிகள் நிறைந்திருந்த நேரத்தில் வெடித்துச் சிதறியது. கொதிகலனில் அழுத்தம் அளவுமீறும்போது தானே திறந்து நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு, கூடுதல் அழுத்தம் பெறும் பொருட்டுத் திறக்க முடியாதபடி கட்டி வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. மேல்தளத்தில் நின்ற பயணி எவரும் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. பயணியின் கண்ணுக்கு எட்டாத இடத்தை அரசின் ஆய்வாளர் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்நதியின் வரலாற்றிலேயே கொடிய விபத்து 1878 செப்டம்பர் 3ஆம் நாள் மாலை நிகழ்ந்தது. 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் துடுப்புச்சக்கரப் படகு, உல்லாசப் பயணம் முடித்து லண்டன் திரும்பும் வழியில், கேலியன்ஸ் ரீச் என்னும் பகுதியில் 'பைவெல் காசில்' என்னும் நிலக்கரிக் கப்பலுடன் மோதி, சில நிமிடங்களில் உடைந்து மூழ்கியது. ஏறத்தாழ 650 பேர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. துல்லியமான எண்ணிக்கை இன்றுவரை இல்லை; ஏனெனில் படகில் ஏறியவர்களை எவரும் எண்ணவில்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. 900க்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்த அப்படகில் உயிர்காப்புப் படகுகள் இரண்டும் மிதவை வளையங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டுமே இருந்தன. நகரின் கழிவுநீரை நதியில் கலக்கும் பார்க்கிங், கிராஸ்னெஸ் வாயில்கள் அருகிலேயே இருந்தன. சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்ததால், நீரில் விழுந்தவர்கள் கழிவுநீரிலேயே தத்தளித்தனர். அடையாளம் காணப்படாத ஏறத்தாழ 120 உடல்கள் உல்விச் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன; அங்குள்ள நினைவுச் சிலுவை, 23,000க்கும் மேற்பட்ட எளிய மக்கள் ஆளுக்கு ஆறு பென்னி அளித்ததால் எழுந்தது. எதிரெதிரே வரும் கலங்கள் தத்தம் இடப்பக்கம் ஒன்றுக்கொன்று தெரியுமாறு விலகிச் செல்ல வேண்டும் என்ற விதி நதியில் உறுதிப்பட்டதும், நதிக் காவலர்களுக்கு நீராவி விசைப்படகுகள் கிடைத்ததும் இவ்விபத்துக்குப் பின்னரே.

நூற்றுப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மற்றொரு விபத்துதான் பழைய படகுகள் பற்றிய கேள்வியை நேரடியாக எழுப்பியது. 'மார்ஷனஸ்' 1923இல் கட்டப்பட்ட படகு. 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்ட சிறு கலங்களுள் ஒன்று என்ற பெருமையும் அதற்கு உண்டு. 1989 ஆகஸ்ட் 20ஆம் நாள் அதிகாலை 1.46 மணி அளவில், பிறந்தநாள் விருந்துக்காக ஏறத்தாழ 130 பேருடன் சென்ற அப்படகின் மீது, கேனன் ஸ்ட்ரீட் ரயில் பாலத்தருகே, மணலும் சரளையும் அள்ளும் 'போபெல்' என்னும் ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுள்ள கப்பல் பின்புறமிருந்து மோதியது. அரை நிமிட அளவில் படகு மூழ்கியது. 51 பேர் இறந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள்.

இரு கலங்களிலும் சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதாமலிருந்ததே அடிப்படைக் காரணம் என்று நீதிபதி கிளார்க் தலைமையிலான விசாரணை கண்டது. 'மார்ஷனஸ்' படகில் சுக்கான் பிடிப்பவர் நின்று பார்க்கும் அறையிலிருந்து பின்பக்கம் சரிவரத் தெரியாதபடி, விருந்தினர் வசதிக்காகப் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மேற்கட்டுமானம் மறைத்திருந்தது. நீண்ட 'போபெல்' கப்பலின் பின்கோடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் முன்புற நீர்ப்பரப்பின் ஒரு பகுதி தெரியவில்லை. இத்தகைய பார்வைக் குறைபாடு அரசின் போக்குவரத்துத் துறைக்கு முன்பே தெரிந்திருந்தும் போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது அந்த விசாரணையின் கடுமையான கண்டனங்களுள் ஒன்று. 1923இல் படகைக் கட்டியவர்களின் வேலையில் பிழை கண்டவர் எவரும் இல்லை. பழைய உடலின் மேல் புதிய தேவைக்காகச் செய்யப்பட்ட மாற்றமும், அதைக் கண்டும் அனுமதித்த நிர்வாகமுமே குற்றத்திற்குரியவை. வரலாற்றுப் படகை விரும்புவோர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

விபத்துக்குப் பின் இறந்தவர்களின் குடும்பங்கள் பட்ட பாடு தனியே குறிப்பிடத்தக்கது. முறையான பொது விசாரணை கோரிய குடும்பத்தாரின் குரலுக்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் அரசு செவிசாய்க்கவில்லை. ஐயத்திற்குரிய மரணத்தின் காரணத்தை ஆராயும் மரண விசாரணை நீதிமன்றம், 1995இல், இவை சட்டவிரோதமான கொலைகள் என்று முடிவு கூறியது. அடையாளம் காண்பதற்காக 25 உடல்களிலிருந்து கைகள் மணிக்கட்டில் வெட்டி எடுக்கப்பட்டதும், குடும்பத்தாருக்கு அது சொல்லப்படாததும் பின்னரே வெளிவந்தன. இறந்தவரின் உடலை முறைப்படி அடையாளம் காண்பதில் குடும்பத்தாருக்கு உண்மை கூறப்பட வேண்டும், அவர்கள் ஒப்புதலின்றி உடல் சிதைக்கப்படலாகாது என்பன இன்று கொள்கைகளாக நிற்பதற்கு அக்குடும்பத்தாரின் விடாமுயற்சியே காரணம். அவர்கள் இழந்ததற்கு இது ஈடாகாது. ஆயினும் இன்றைய பயணி அனுபவிக்கும் பல காப்புகள் அவர்கள் போராடிப் பெற்றவை என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியின்மையாகும்.

அக்காப்புகளுள் முதன்மையானது மீட்புச் சேவை. அலைகடலுக்கெனவே அறியப்பட்ட தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம், 2002 ஜனவரியில் டவர், சிஸ்விக், கிரேவ்சென்ட், டெடிங்டன் ஆகிய நான்கு இடங்களில் நதி நிலையங்களைத் தொடங்கியது. அவற்றுள் டவர் நிலையம் நாட்டின் மிகுந்த வேலைப்பளு உள்ள மீட்பு நிலையமாக விளங்குகிறது. பாலங்களின் வளைவுகளில் விட்டுவிட்டு எரியும் வெள்ளை விளக்கு, பெரிய கப்பல் ஒன்று அப்பாலத்தை நெருங்குகிறது என்று சிறு படகுகளை எச்சரிக்கிறது. தொழில்முறை மாலுமிகளின் உடலில் இருக்கத்தக்க மதுவின் அளவுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்தது. படகு புறப்படும் முன் ஏறியவர்களை எண்ணிப் பதிவுசெய்வதை 1999ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கின.

பழைய படகுகளைப் பொறுத்தவரை, கட்டப்பட்ட காலத்து விதியே அவற்றுக்குப் போதும் என்ற சலுகை நெடுங்காலம் நீடித்தது. உடலில் ஓட்டை விழுந்து ஒரு பகுதியில் நீர் புகுந்தாலும் கலம் கவிழாமல் மிதக்கும் திறன், அடித்தளத்தில் நீர் சேர்வதை உணர்த்தும் எச்சரிக்கை மணி, தீயணைப்பு ஏற்பாடு போன்றவற்றில் புதிய படகுக்கு உரிய தரம் பழைய படகிடம் கோரப்படவில்லை. 2022ஆம் ஆண்டு விதித்திருத்தம் இந்த இடைவெளியைப் பெரிதும் சுருக்கியது. வரலாற்றுக் கலங்கள் இதனால் அழிந்துவிடும் என்று சில உரிமையாளர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயமான பொருளாதாரக் கவலை உண்டு, சீரமைப்பிற்கு உதவி வழங்குவதும் தகும். ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்தி, அதன் ஆபத்தைப் பயணியின் தலையில் ஏற்றுவதற்கு அது காரணமாகாது.

விதியைக் காகிதத்தில் நிறைவேற்றினால் மட்டும் போதாது என்பதையும் நதி உணர்த்தியுள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவான, நிலத்திலும் நீரிலும் செல்லும் டக் வகை ஊர்திகள் லண்டனில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்தன. மூழ்காதிருக்க வேண்டும் என்ற விதிக்காக அவற்றின் உட்புறம் மிதவை நுரைத் துண்டுகள் திணிக்கப்பட்டன. 2013 செப்டம்பரில் 'கிளியோபாட்ரா' என்னும் ஊர்தியில், அந்த நுரை சுழலும் தண்டில் உராய்ந்து சூடேறியதால் தீப்பற்றியது. பயணிகள் நதியில் குதிக்க நேர்ந்தது, நல்வாய்ப்பாக அனைவரும் பிழைத்தனர். ஓர் ஆபத்தைத் தவிர்க்கப் பழைய இயந்திரத்தில் செய்யப்பட்ட மாற்றம் மற்றோர் ஆபத்தை வருவித்ததற்கு இது எடுத்துக்காட்டு.

புதிய படகுகள் ஆபத்தற்றவை என்று இதனால் பொருள்கொள்ளக் கூடாது. லண்டன் பாலத்தருகே தேம்ஸின் நீர்மட்டம் ஓதத்தால், அதாவது கடலின் ஏற்றவற்றத்தால், நாள்தோறும் ஏறத்தாழ ஏழு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது; பாலத்தூண்களிடையே நீரோட்டம் வேகம் பிடிக்கிறது; நீரும் பெரும்பகுதிக் காலம் குளிர்ந்தே இருப்பதால், திடீரென விழுபவர் மூச்சுத் திணறி முதல் சில நிமிடங்களிலேயே நீந்தும் வலிமையை இழக்கக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். படகு துறையை முற்றிலும் அணைந்து கட்டப்படும் முன் எழுந்து நிற்பதும், இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதும் வேகப்படகுகளில் தவிர்க்கத்தக்க காயங்களுக்கு வழிசெய்கின்றன.

பயணி அறிந்திருக்க வேண்டிய உரிமைகள் சில உள்ளன. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றும் கலம் சட்டப்படி பயணிகள் கப்பலாகும். கடல்சார், கடலோரக் காவல் முகமையின் ஆய்வுக்குட்பட்டு, அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றலாம் என்று குறிக்கும் சான்றிதழை அது பெற்றிருக்க வேண்டும். கலத்தைச் செலுத்துபவரிடம் தகுதி உரிமம் இருக்க வேண்டும். அவசரகாலத்தில் செய்ய வேண்டியவற்றைப் பயணிகளுக்கு அறிவிப்பது நடத்துநரின் கடமை. மிதவைச் சட்டைகள் எங்குள்ளன என்று கேட்பது பயணியின் உரிமை. பன்னிரண்டு பேர் அல்லது அதற்குக் குறைவாக ஏற்றும் படகுகளுக்கு வேறு விதிகள் பொருந்துவதால், பிறந்தநாள், திருமண விழா போன்றவற்றுக்குத் தனிப்படகு அமர்த்தும் குடும்பங்கள் உரிமத்தையும் காப்பீட்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. படகில் ஏறுவது அவரவர் பொறுப்பு என்று சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்தாலும், கவனக்குறைவால் நேரும் மரணத்திற்கும் உடற்காயத்திற்கும் உரிய பொறுப்பை அவ்வாசகத்தால் தட்டிக்கழிக்க இயலாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அதைச் செல்லாததாக்குகிறது.

தீர்வுகளின் வரிசை பின்வருமாறு அமைகிறது. உயிராபத்து எனில் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேட்க வேண்டும். எந்தப் பாலத்தருகே என்று சொல்வது மீட்பைப் பெரிதும் விரைவுபடுத்தும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுதல், பழுதுற்ற பாதுகாப்புக் கருவி போன்றவற்றைக் கடல்சார் முகமைக்கும், நதியில் தாறுமாறாகச் செலுத்துவதை லண்டன் துறைமுக ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம். கட்டணம், சேவை குறித்த முறையீட்டை முதலில் நடத்துநரிடம் எழுத்தில் அளித்து, நிறைவான பதில் வராவிடில், லண்டன் போக்குவரத்து அமைப்பின்கீழ் வரும் சேவைகளுக்கு, பயணிகளின் சார்பில் இயங்கும் லண்டன் டிராவல்வாட்ச் அமைப்பை அணுகலாம். காயமுற்றவர் சீட்டு, நேரம், படகின் பெயர், சாட்சிகளின் தொடர்பு ஆகியவற்றை அன்றே குறித்துவைத்து, மருத்துவப் பதிவையும் பெற வேண்டும். இங்கிலாந்தில் உடற்காயத்திற்கான இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள். கடல்வழிப் பயணத்திற்கான பன்னாட்டு உடன்படிக்கை பொருந்தும் வழக்குகளில் அது இரண்டே ஆண்டுகள். தம் வழக்கு எதன்கீழ் வரும் என்பதைப் பயணி தாமே தீர்மானிக்க முயலாமல், தொடக்க மாதங்களிலேயே வழக்கறிஞரைக் காண்பது அவசியம். சுற்றுலா முடித்து ஊர் திரும்பியவர்களின் வழக்குகளுக்கும் அந்தக் காலவரம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.