கட்டிலுக்குக் கூலி உண்டு, காகிதம் உண்டா?

ஊரையே வாடகைக்குப் பிடித்தவன் கதையைக் கேட்டதுண்டா, தோழர்களே? 1676ஆம் ஆண்டிலே, கோல்கொண்டா சுல்தானிடமிருந்து ஆண்டுக்கு 50 வராகன் பேசித் திருவல்லிக்கேணியை எடுத்துக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. குடியிருக்க வந்தவன் நாளடைவிலே வீட்டுக்காரனாகி, நாட்டுக்கே வீட்டுக்காரனாகி, நம்மையெல்லாம் குடித்தனக்காரராக்கிய விந்தையிலே அதுவும் ஒரு படி. அதன்பிறகு அந்த ஊருக்கு வாடகைக்கு வந்த எவருக்கும் அந்த வித்தை கைவரவில்லை. வந்தார்கள், வாடகை தந்தார்கள், வாடினார்கள், மூட்டையைக் கட்டினார்கள்!

கிழக்கே கடல், மேற்கே அண்ணா சாலை. வடக்கே வாலாஜா சாலையிலே கிளம்பினால், சுண்டல் பொட்டலம் தீர்வதற்குள் தெற்கே ஐஸ் ஹவுஸ் வந்துவிடும். அவ்வளவுதான் திருவல்லிக்கேணி. அந்தக் கையகல நிலத்திலேதான் பல்லவர் காலத்துக் கோயில் இருக்கிறது. 1768இல் நவாபு எழுப்பிய சேப்பாக்கம் மாளிகையும், 1795இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து கப்பலிலே வந்த பனிக்கட்டியைப் பதுக்கிவைக்க 1842இல் கட்டிய வட்டக் கட்டடம் இருக்கிறது. இத்தனைக்கும் கிழக்கே, அலைகளுக்கு அண்டையிலே, அயோத்தியாகுப்பமும் நடுக்குப்பமும் இருக்கின்றன. கோயிலைக் காட்ட வழிகாட்டி உண்டு. மாளிகையைப் படம்பிடிக்க ஆள் உண்டு. குப்பத்தை மட்டும் யாரும் சரித்திரம் என்று சொல்வதில்லை!

சரித்திரம் பேசுவோர் இன்னொன்றையும் சொல்லாமல் விடுகிறார்கள். துறைமுக அலுவலகத்திலே 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த இளைஞன் இராமானுஜன், 1914இல் சீமைக்குக் கப்பல் ஏறுமுன் குடியிருந்தது இந்த அல்லிக்கேணித் தெருவொன்றிலேதான். பாரதியார் 1921இல் கண்மூடியது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலே, குடிக்கூலி வீட்டிலே. நினைவில்லமாக அது திறக்கப்பட்டது 1993இல்! கவிஞன் இருந்தவரை கூலி கேட்ட வீடு, அவன் போய் எழுபத்திரண்டு ஆண்டு கழித்துக் கௌரவம் பெற்றது. கணக்குப் பிள்ளையும் கவிஞனும் ஒண்டிய ஊர் என்பதுதான் இதன் பெருமை என்பேன் நான்.

அந்த மரபின் இன்றைய வாரிசு யார்? மேன்ஷன்காரன்! உரிமையாளனைச் சொல்லவில்லை, உள்ளே படுத்திருப்பவனைச் சொல்கிறேன். நெல்லையிலிருந்து, சிவகங்கையிலிருந்து, திருவாரூரிலிருந்து, வடக்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவன். துணிக்கடையிலே நாள் முழுக்க நிற்கிறவன். உணவுப் பொட்டலத்தை முதுகிலே சுமந்து மோட்டார் சைக்கிளிலே பறக்கிறவன். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிறவன். திரைப்படத்திலே உதவி இயக்குநர் என்ற பெயரிலே பட்டினி கிடப்பவன். பத்தடி அறை, மூன்று கட்டில், ஒரு சன்னல். அதைத் திறந்தால் அடுத்த மேன்ஷனின் சுவர்! கொடியிலே காயும் சட்டை சொட்டி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். மாடிக்கு ஒரு குளியலறை; காலையிலே வாளிகள் வரிசை. ரேஷன் கடையிலேகூட வரிசைக்கு ஒரு முடிவு உண்டு.

ஆனாலும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இதே ஊரின் சந்துகளிலே “வீடு வாடகைக்கு” என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தவன் என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? கல்யாணம் ஆயிற்றா? கறி சாப்பிடுவீர்களா? சொந்த ஊர் எது, ஊரிலே எந்தத் தெரு? தெருவைக் கேட்பது தெருவுக்காகவா, தோழர்களே? சாதியை நேரே கேட்க வெட்கம். ஆகவே தெருவைக் கேட்கிறார்கள். மேன்ஷன் மேலாளரோ கேட்பது ஒன்றே ஒன்று: அட்வான்ஸ்! பணத்தாசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தாசை, மூன்று ஊர்க்காரனை ஒரே அறையிலே படுக்கவைத்தது. ஒரே மெஸ்ஸிலே பந்தியிலே உட்காரவைத்தது. ஒருவன் காய்ச்சலிலே கிடந்தால் மற்றவன் கஞ்சி வாங்கிவர வைத்தது. எந்தச் சாஸ்திரமும் செய்யாததை மூட்டைப்பூச்சிக் கட்டில் செய்தது!

இந்தச் சமத்துவத்திலே பெண்ணுக்கு இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். மேன்ஷன் ஆணுக்கு மட்டும். அவள் விடுதி தேடி வேறு தெருவுக்குப் போக வேண்டும். மாலையிலே கதவு சாத்தும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். அவள் தங்கும் விடுதிக்கு 2014இல் தமிழ்நாட்டிலே தனிச் சட்டம் வந்தது, பதிவும் உரிமமும் கட்டாயம் என்று. காகிதத்திலாவது அவளுக்கு ஒன்று இருக்கிறது.

ஆணுக்கு? 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்திலே இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது பொதுவிதி. தகராறு என்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. நல்ல விதிகள்தான். கட்டிலுக்கு ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள்! “இது வீடல்ல தம்பி, லாட்ஜு” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாள் கணக்கென்றால் லாட்ஜு, மாதம் பிறந்தால் வாடகை, உயர்த்தும்போது வீடு, உரிமை கேட்டால் லாட்ஜு!

2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தபோது இந்தக் கோலம் வெட்டவெளிச்சமாயிற்று. அறையிலே அடுப்பு மூட்ட அனுமதியில்லை. வெளியே மெஸ் இல்லை. உழைத்துச் சம்பாதித்த கை, அம்மா உணவகத்து வாசலிலே ஒரு ரூபாய் இட்லிக்கு நீண்டது. முடிந்தவன் ஊருக்குப் போனான். போனவன் அறையிலே இல்லாத மாதத்துக்கும் வாடகை உண்டா, முன்பணம் திரும்புமா என்று யாரைக் கேட்பான்? கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டாமா?

இதே திருவல்லிக்கேணியிலேதான் 1904இல் சாதாரணக் குடும்பங்கள் ஒன்றுகூடி, மளிகைக்கடைக்காரனின் கொள்ளை விலைக்குத் தப்பக் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். இன்று டியூசிஎஸ் என்று சொன்னால் தெரியாதார் யார்? அரிசிக்கு ஒன்றுகூடினார்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அறைக்கு ஒன்றுகூடவில்லை. ஏன்? இன்றிருப்பவன் நாளை இல்லை. வேலை மாறினால் அறை மாறுகிறது. கல்யாணம் ஆனால் புறநகர்!

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் கட்சிக்காரர் காதிலே விழவேண்டியது. மேன்ஷன்வாசிக்கு வாழ்க்கை இங்கே, வாக்கு ஊரிலே! வாக்கில்லாத வாசலிலே எந்த வேட்பாளர் நிற்பார்? சாக்கடை அடைத்தால் அவன் யாரிடம் சொல்வான்? பட்டியலிலே பெயர் சேர்க்கலாம் என்றால் முகவரிச் சான்று கேட்கிறார்கள், சான்றுக்கு ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தம் கேட்டால் “லாட்ஜு!” செக்கு மாடு இப்படித்தான் சுற்றுகிறது.

செக்கிலிருந்து அவிழ்க்க வழி இருக்கிறது. பெயர் சேர்க்கும் படிவம் 6இலே, சான்று எதுவும் இல்லையென்றால் அலுவலர் நேரிலே வந்து விசாரித்து உறுதி செய்யவேண்டும் என்று எழுதியே இருக்கிறது. நடைபாதையிலே படுப்பவனுக்குக்கூட, இரவிலே வந்து பார்த்துப் பெயர் சேர்க்க விதி உண்டு. கட்டிலிலே படுப்பவனுக்குக் கிடையாதா? வட்டத்துத் தோழர்கள் பெரிய தெருவிலே ஒரு ஞாயிறு மாலை மாடிப்படி ஏறவேண்டும். மாலை ஆறுக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், வாரத்திலே அவர்களுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. படிவத்தோடு ஒரு ரசீதுப் புத்தகத்தையும் மேலாளர் மேசையிலே வைத்து, இந்த மாதக் கூலிக்குக் கையெழுத்துக் கேளுங்கள்.