யார் கட்டும் மின்கட்டணம்? அரசுக் கட்டடங்களில் கசியும் மின்சாரமும் ஜொகூர் மாணவர்களின் பங்கும்

வீட்டில் ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் அம்மாவோ அப்பாவோ உடனே சத்தம் போடுவார்கள். பள்ளியில் ஆளில்லாத வகுப்பறையில் ஆறு மின்விசிறிகள் சுழன்றாலும் பெரும்பாலும் யாரும் சத்தம் போடுவதில்லை. வீட்டுக் கட்டணம் நம் சட்டைப்பையிலிருந்து போகிறது. பள்ளிக் கட்டணம் எங்கிருந்தோ போகிறது என்று நினைக்கிறோம். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அந்த "எங்கிருந்தோ" என்பது பொதுப்பணம். பள்ளி, மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், நகராண்மைக் கழகம், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் கட்டப்படும் மின்கட்டணம் மக்களின் வரியிலிருந்தும் மதிப்பீட்டு வரியிலிருந்தும் வருவது. அங்கே வீணாகும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு நூலகத்துக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ போயிருக்கக்கூடிய வெள்ளி.

கட்டடங்களின் மின்பயன்பாட்டைத் தணிக்கை செய்யும் வேலையில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடத்தை மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மின்சாரம் வீணாவதற்குப் பழைய இயந்திரங்கள் மட்டும் காரணமல்ல. சுவிட்சைத் தொடும் கைக்கும் கட்டணத்தைப் பார்க்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரமே பெரிய காரணம்.

ஞாயிற்றுக்கிழமை ஓடிய குளிரூட்டி

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நான் பார்த்த ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் குளிரூட்டி காலையிலிருந்து மாலை வரை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

நடந்தது இதுதான். பழைய வேலைநாள்களுக்கு ஏற்ப, குளிரூட்டியின் நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஞாயிறு முதல் வியாழன் வரை இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. விடுமுறை மாறியதும் வெள்ளிக்கிழமை அலுவலகம் புழுங்கியது. ஊழியர்கள் உடனே புகார் செய்தார்கள், வெள்ளிக்கிழமை சேர்க்கப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை யாரும் நீக்கவில்லை. காலிக் கட்டடத்தில் குளிர் அடித்தால் புகார் செய்ய ஆள் ஏது?

அதைச் சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. சில நிமிட வேலைதான். ஆனால் மீட்டரை நாள்வாரியாகப் பார்க்கும் ஒருவர் இருந்தால் மட்டுமே அப்படி ஒரு கசிவு இருப்பதே தெரியவரும்.

நம் வெப்பமண்டலத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் குளிரூட்டலுக்கே போகிறது. விளக்குகளுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எனவே குளிரூட்டியைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. இதை உணர்ந்துதான் 2011ஆம் ஆண்டில், அரசாங்கக் கட்டடங்களில் குளிரூட்டியின் வெப்பநிலை 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக்கூடாது என்று மத்திய அரசாங்கம் அறிவித்தது. ஆனாலும் குளிர்ச்சட்டை அணிந்து வேலை செய்யும் ஊழியர்களை இன்றும் பல அலுவலகங்களில் காணலாம். வெளியே 33 டிகிரி, உள்ளே குளிர்ச்சட்டை! நாம் காசு கொடுத்துக் குளிரை வாங்கி, அதிலிருந்து தப்பிக்கச் சட்டையும் வாங்குகிறோம்.

நிலக்கரி நம் பக்கத்தில்தான் எரிகிறது

ஜொகூர் மாணவர்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. பொந்தியான் மாவட்டத்தில் குக்குப் பக்கம் இருக்கிறது தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் 2,100 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கிய அங்கே, 2016இல் மேலும் 1,000 மெகாவாட் பிரிவு சேர்ந்தது. எரியும் நிலக்கரி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி மின்சாரம் பயன்படுத்தினால், ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குளிரூட்டியின் புகையும் இப்படி எங்கோ ஓரிடத்தில் கலந்ததுதான். செடெனாக், கூலாய் வட்டாரங்களில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவரும் இக்காலத்தில், ஜொகூரின் மின்தேவை இன்னும் கூடும். வீணாக்காமல் விடும் யூனிட்தான் நமக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான மின்சாரம்.

ஸ்கூடாயில் பிறந்த திட்டம்

இந்த விஷயத்தில் ஜொகூருக்கு ஒரு பெருமை உண்டு. 'இஸ்கண்டார் மலேசியா 2025 குறைந்த கரிமச் சமுதாயப் பெருந்திட்டம்' 2012ஆம் ஆண்டு கத்தாரின் டோஹா நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் வெளியிடப்பட்டது. அதற்கான ஆய்வில் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுடிஎம், ஜப்பானின் கியோத்தோ, ஒக்காயாமா பல்கலைக்கழகங்கள், ஜப்பானிய தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வுக்கழகம், இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு வாரியம் ஆகியவை கைகோத்தன. யுடிஎம் தரப்பில் பேராசிரியர் ஹோ சின் சியோங் முக்கியப் பங்காற்றினார்.

அதன் இலக்கு: 2005ஆம் ஆண்டோடு ஒப்பிடும்போது 2025க்குள் கரிம உமிழ்வுச் செறிவை 58 விழுக்காடு குறைப்பது. 'செறிவு' என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மொத்த உமிழ்வு 58 விழுக்காடு குறையும் என்று பொருளல்ல. ஒவ்வொரு வெள்ளி பொருளாதார உற்பத்திக்கும் வெளியாகும் கரிமத்தின் அளவு குறையும் என்பதே பொருள். பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால், செறிவு குறைந்தாலும் மொத்த அளவு கூடலாம். செய்திகளில் விழுக்காட்டைப் பார்த்தால் "எதில் விழுக்காடு?" என்று கேட்கும் பழக்கம் தேர்வுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

இந்தத் திட்டம் பள்ளிகளையும் மறக்கவில்லை. கியோத்தோ நகரில் நடந்துவந்த ஒரு திட்டத்தைப் பின்பற்றி, 2013இல் இஸ்கண்டார் மலேசியா தொடக்கப்பள்ளிகளில் சுற்றுச்சூழல் வாழ்க்கைச் சவால் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் வீட்டின் மின், நீர்ப் பயன்பாட்டைத் தாங்களே குறித்துவைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இன்று இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் சிலர் அந்த ஏடுகளை நிரப்பியவர்களாக இருக்கலாம். வீட்டில் செய்த அந்தக் கணக்கை இனிப் பள்ளியிலும் செய்யலாம் என்பதே என் விண்ணப்பம்.

அரசுக் கட்டடமும் சிக்கனமாக இருக்க முடியும்

முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்குப் புத்ராஜெயாவில் பதில் இருக்கிறது. எரிசக்தி ஆணையத்தின் தலைமையகமான 'வைரக் கட்டடம்' 2010இல் பயன்பாட்டுக்கு வந்தது. தலைகீழாகக் கவிழ்த்த கூம்பு போன்ற அதன் வடிவம் வெறும் அழகுக்காக அல்ல. சுவர்கள் 25 டிகிரி சாய்ந்திருப்பதால் மேல்மாடியின் நிழல் கீழ்மாடியின் மேல் விழுகிறது. நடுமுற்றம் வழியே பகல் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. இரவில் தரைத்தளக் கான்கிரீட்டைக் குளிர்வித்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான அலுவலகம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட் பயன்படுத்தும்போது, இக்கட்டடம் 85 யூனிட்டுக்குத் திட்டமிடப்பட்டது.

சரி, எல்லாக் கட்டடங்களையும் இடித்துக் கட்ட முடியுமா? முடியாது. பழைய கட்டடங்களுக்கு வேறு வழி தேவை. விளக்குகளையும் குளிரூட்டிகளையும் மாற்ற முதலில் பெரும்பணம் வேண்டும். அலுவலகத்தின் ஆண்டு வரவுசெலவில் அது இருக்காது. மிச்சமாகும் பணமும் அந்த அலுவலகத்துக்கே திரும்பி வருமா என்பது உறுதியில்லை. பிறகு ஏன் மெனக்கெட வேண்டும் என்று அதிகாரி நினைப்பதில் வியப்பில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2013இல் அரசாங்கக் கட்டடங்களுக்கு 'எரிசக்திச் செயல்திறன் ஒப்பந்த' முறை அறிமுகமானது. எரிசக்திச் சேவை நிறுவனம் ஒன்று தன் முதலீட்டில் கருவிகளை மாற்றும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஒப்பந்தக் காலத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இல்லையென்றால் அதற்கு வருமானமும் இல்லை. எனவே அந்நிறுவனம் மீட்டரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. ஜப்பான் 2005இல் 'கூல் பிஸ்' இயக்கத்தைத் தொடங்கி, கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொன்னது; கழுத்துப்பட்டையும் கோட்டும் வேண்டாம் என்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், 2021இல் அறிவித்த அரசுத்துறைப் பசுமைத் திட்டத்தில், 2018 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டு 2030க்குள் அரசுத்துறையின் மின்பயன்பாட்டையும் நீர்ப்பயன்பாட்டையும் 10 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்திருக்கிறது.

வேலைவாய்ப்பும் உண்டு

எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 2024ஆம் ஆண்டு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், அதாவது சட்டம் 861, 2025 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடப்புக்கு வந்துள்ளது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி பயன்படுத்துவோர், பதிவுபெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். குறித்த காலத்தில் தணிக்கையும் செய்ய வேண்டும்.

21,600 கிகாஜூல் என்றால் எவ்வளவு? ஒரு கிலோவாட் மணி 3.6 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள்: 60 லட்சம் யூனிட். பெரிய பல்கலைக்கழக வளாகமோ பெரிய மருத்துவமனையோ இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. அவற்றின் மின்பயன்பாட்டுத் தரத்தைக் காட்டும் வில்லை ஒட்டப்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் நட்சத்திரம் பார்த்து வாங்குவது போல, இனிக் கட்டடத்துக்கும் தரம் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஆள் தேவை. மின்பொறியியல், இயந்திரவியல், கட்டடப் பராமரிப்பு, தரவு ஆய்வு படித்தவர்களுக்கு இங்கே இடமுண்டு. பட்டதாரிகள் மட்டுமல்ல, தொழிற்கல்லூரியில் குளிரூட்டி, மின்கம்பி வேலை கற்றவர்களின் அனுபவ அறிவும் தேவைப்படும்.

உங்கள் பள்ளியில் தொடங்குங்கள்

பள்ளி முதல்வரின் அனுமதியோடும் ஓர் ஆசிரியரின் துணையோடும் இதைச் செய்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளியின் மின்மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மீண்டும் குறியுங்கள். இடையில் 62 மணி நேரம். மீட்டரைப் பார்க்க மட்டும் செய்யுங்கள்; மின்பெட்டியைத் திறப்பதும் கம்பியைத் தொடுவதும் கூடவே கூடாது.

உதாரணத்துக்கு, மீட்டர் 620 யூனிட் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 620ஐ 62ஆல் வகுத்தால் 10. அதாவது ஆளில்லாத பள்ளியில் இரவும் பகலும் 10 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டில் 52 வாரங்கள், 32,240 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு என்று தோராயமாக வைத்தால் 16,120 வெள்ளி. கரியமில வாயு ஏறக்குறைய 24 டன். வார இறுதிகளில் மட்டும் இவ்வளவு!

அதில் ஒரு பகுதி நியாயமானது. பாதுகாப்பு விளக்கு, சிற்றுண்டிச்சாலைக் குளிர்பதனப் பெட்டி, கணினி மையத்தின் சில கருவிகள் ஓடித்தான் ஆக வேண்டும். மீதி என்ன என்று தேடுவதுதான் தணிக்கை. அணைக்கப்படாத குடிநீர்க் குளிர்விப்பான், ஆசிரியர் அறையில் மறந்துபோன குளிரூட்டி, பகலிலும் எரியும் நடைபாதை விளக்கு என்று ஒவ்வொன்றாக அகப்படும்.

பல பள்ளிகள் முதலில் எல்.இ.டி. விளக்குகளைத்தான் யோசிக்கும். 36 வாட் குழல்விளக்குகள் 400ஐ 18 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினால், நாளுக்கு 8 மணி நேரம் என 190 பள்ளிநாள்களில் 10,944 யூனிட் மிச்சமாகும். நல்லதுதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் வார இறுதிக் கசிவில் பாதியை நிறுத்தினாலே 16,120 யூனிட் மிச்சம். அதற்குத் தேவை ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் பொறுப்பெடுத்துக்கொள்ள ஒரு மாணவரும்தான். கூரையில் சூரியத் தகடு பொருத்துவதும் இதன் பிறகே. ஓட்டையை அடைக்காமல் வாளியில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

கிடைத்த எண்களைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் எழுதுங்கள். அறிவியல் கழகமோ சாரணர் இயக்கமோ இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். இயற்பியல் பாடத்தில் வரும் ஆற்றல், திறன், நேரம் சூத்திரம் அப்போதுதான் உயிர்பெறும்.

மாத முடிவில் அந்த எண்ணை முதல்வரிடம் மரியாதையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "ஐயா, போன மாதத்தைவிட இவ்வளவு குறைந்திருக்கிறது" என்று நீங்கள் சொல்லும் நாளில், பள்ளியின் மின்கட்டணம் யாரோ கட்டும் கட்டணமாக இருக்காது.